ஓர் ஓட்டைக்கு ஒருமித்த சம்மதம்

நீலமேகத்துக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஓட்டை. அதுவும் பெரிய ஓட்டை இல்லை. "ஒரு லாரி டயரு நொழையிற அளவுக்கு இருந்தா போதும்" என்றுதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன் வேறு எந்த அளவைச் சொல்வான்?

ஓட்டை வேண்டியிருந்த இடம் ஒரு சுவர். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் ‘ஓஷன்கிரேஸ் சரக்குப் பூங்கா’ என்று ஒன்று வரும். பூங்கா என்றதும் செடி, கொடி, ஊஞ்சல் என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற கட்டாந்தரைக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். நீலமேகம் குடியிருக்கிற சந்தின் மழைத் தண்ணீர் காலங்காலமாக அந்தத் தரை வழியாகத்தான் வாய்க்காலில் விழுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் பூங்காக்காரர்கள் ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். எழுப்பியவர்கள் தண்ணீரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐப்பசியில் தண்ணீர் வழக்கம்போல வந்தது, சுவரில் முட்டியது, யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நீலமேகத்தின் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் தங்கிவிட்டது. மெத்தை போயிற்று, அரிசி போயிற்று, அவன் மனைவி செங்கொடியின் தையல் மெஷின் மோட்டார் போயிற்று.

"இன்னொரு மழைக்கு இந்த வூட்டுல நான் இருக்க மாட்டேன்யா" என்று செங்கொடி சொல்லிவிட்டாள். "துணிமணிய அள்ளிக்கினு வியாசர்பாடிக்கு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். நீ தண்ணியோட குடித்தனம் பண்ணு."

செங்கொடி சொன்னால் செய்கிறவள். அதனால் பொங்கல் கழிந்த கையோடு நீலமேகம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவின் கேட்டுக்குப் போய் நின்றான். அவனுடைய நல்ல காலமோ கெட்ட காலமோ, அன்றைக்குப் பொது மேலாளர் தண்டபாணி ஓர் ஊர்க்காரனைத் தேடிக்கொண்டிருந்தார். பூங்காவை விரிவாக்க வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் தருவதாக இருந்தது. ஊர் மக்களோடு கலந்து பேசி, எல்லாரும் ஒருமித்து முடிவெடுக்கிற குழு ஒன்று இருந்தால்தான் கடன் என்று வங்கி சொல்லியிருந்தது. ஊர் தயார், வங்கி தயார், குழுவுக்குத்தான் ஆள் இல்லை.

"ஒரே ஒரு ஓட்ட சார்" என்றான் நீலமேகம்.

"தாராளமா போடலாம்" என்றார் தண்டபாணி. "ஆனா நானே முடிவு பண்ணிட்டா அது அதிகாரம். எங்க நிறுவனத்துக்கு அதிகாரம்னாலே அலர்ஜி. நாம எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்."

சுவர் கட்டும்போது அந்த அலர்ஜி எங்கே போயிருந்தது என்று கேட்க நீலமேகத்துக்குத் தோன்றவில்லை. கழுத்தில் ‘பங்குதாரர்’ என்று எழுதிய அட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். செங்கொடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்ட எங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் கூட்டத்தை நடத்த மகிமா என்கிற இளம்பெண் அடையாறிலிருந்து வந்தாள். அவளுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். நல்ல பெண்தான், யாரையும் கடிந்து பேசத் தெரியாது. சந்தின் சார்பில் நீலமேகம், மீன் விற்கிற பெண்கள் சார்பில் சிலுவையம்மாள், வியாபாரிகள் சார்பில் நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மளிகை மொத்த வியாபாரம் பண்ணுகிற அய்யாத்துரை, நிறுவனத்தின் சார்பில் தண்டபாணி. வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் ஆளுக்குப் பதிலாக நீலத் துணி விரித்திருந்தது.

"அது கடலுக்கு" என்றாள் மகிமா. "கடலும் ஒரு பங்குதாரர். தன் கருத்தைத் தானே சொல்ல முடியாததால, கடலுக்காக தண்டபாணி பேசுவார்."

சிலுவையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா இது அநியாயம்? பொறந்ததுலேர்ந்து கடலோட மாரடிக்கிறது நாங்க. அது இவராண்ட வந்தா பேசிச்சு?"

"அருமையான கருத்து" என்று மகிமா அதைப் பலகையில் எழுதிக்கொண்டாள். எழுதியதோடு சரி.

பிறகு விதிகளைச் சொன்னாள். இங்கே வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுத்தால் ஒரு தரப்பு ஜெயிக்கும், ஒரு தரப்பு தோற்கும், தோற்றவர்கள் மனசு புண்படும். இந்தக் குழுவில் யாரும் தோற்கப் போவதில்லை, அதனால் யாரும் ஜெயிக்கப் போவதும் இல்லை. சம்மதம் என்றால் கட்டை விரலை மேலே காட்ட வேண்டும். அரை மனசு என்றால் பக்கவாட்டில். கூடவே கூடாது என்றால் கீழே. ஒரு விரல் கீழே போனாலும் விஷயம் விழுந்துவிடும். விரலே காட்டாவிட்டால் அவர் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தம், அவர் யோசித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஒருமுறை காட்டிய சைகையை அதே கூட்டத்தில் மாற்றக் கூடாது. மாற்றினால் யாரோ மிரட்டியதாகத்தான் கருதப்படும்.

"எங்க பக்கம் கட்ட வெரல ஆட்டிக் காட்னா ‘உனக்கு ஒண்ணியும் கெடையாது, போ’ன்னு அர்த்தம்மா" என்றாள் சிலுவையம்மாள். அதுவும் பலகையில் ஏறியது.

நீலமேகம் மெல்ல எழுந்து ஓட்டையைப் பற்றி ஆரம்பித்தான். மகிமா கனிவாகச் சிரித்தாள். "நீலமேகம், அது நாம எடுக்கப்போற முடிவு. முடிவை எப்படி எடுக்கணும்னு முடிவு பண்ற முடிவுல இப்ப இருக்கோம்" என்றாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தான். சமோசா வந்தது. சமோசாவுக்கு எல்லா விரலும் மேலே போயின. தண்டபாணி அதைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் ‘ஒருமித்த எண்ணூர்’ என்ற தலைப்போடு வங்கிக்குப் போனது.

மாசியில் ஓட்டை என்ற சொல்லைப் பற்றி விவாதம் நடந்தது. "ஓட்டைன்னா குறை. எங்க சுவர்ல குறை இருக்குன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் தண்டபாணி. பங்குனியில் அது ‘திறப்பு’ ஆனது. திறப்பு என்றால் திறப்பு விழா வைக்க வேண்டும், தலைமை யார் என்று அய்யாத்துரை கேட்டதால் அதையும் கைவிட்டு, சித்திரையில் ‘நீர் நல்லுறவு வாயில்’ என்று முடிவாயிற்று. எல்லா விரலும் மேலே. நீலமேகம் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினான்.

"பேரு வெச்சுட்டாங்கமே!"

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியேவா?" என்று செங்கொடி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

வைகாசியில் அய்யாத்துரைக்குச் சந்தேகம் வந்தது. அவருடைய குடோனும் அதே சுவரை ஒட்டித்தான் இருந்தது. "தண்ணி போறதுக்கு வழி விட்டா எலி வாரதுக்கும் வழிதானவே அது? பருப்பு மூட்டைய எலி கொறிச்சா ஆரு பொறுப்பு?" என்று விரலைக் கீழே காட்டிவிட்டார். ஆனியில் அவரைச் சமாதானப்படுத்திக் கம்பி வலை போடுவதாக ஒத்துக்கொண்டதும், தண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரைப் பத்தியும் பேசினோம். யாரை உடைக்கப் போறோமோ அவரைக் கேட்டோமா?"

யாரை என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சுவரைச் சொல்றேன். கடலுக்கு ஒரு நீதி, சுவருக்கு ஒரு நீதியா? எங்க நிறுவனத்துல பாரபட்சத்துக்கு இடமே கிடையாது."

ஆடியில் இன்னொரு நாற்காலி வந்தது. அதில் சாம்பல் நிறத் துணி விரித்து, பக்கத்தில் பூங்காவின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் சைமனை உட்கார வைத்தார்கள். அவர்தான் இனிமேல் சுவர். சைமன் பாவம், ராயபுரத்துக்காரர், வாயில்லாப் பூச்சி. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தண்டபாணியின் விரல் போகிற பக்கமே தன் விரலையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கடல் ஒருமுறை கீழே காட்டியது. சுவர் இரண்டுமுறை பக்கவாட்டில் காட்டியது. நீலமேகத்துக்கு மண்டை காய்ந்தது. ஆவணி வெயிலிலும் அவன் வானத்தையே பார்த்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினான். ராத்திரி தூக்கம் போய்விட்டது. செங்கொடி டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். அதை அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

புரட்டாசிக் கடைசியில்தான் காரியம் கனிந்தது. வங்கிக்காரர்கள் அடுத்த மாதம் நேரில் வருகிறார்களாம். சமோசாவைத் தவிர வேறு எதற்காவது குழு ஒருமித்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்களாம். தண்டபாணி அன்றைக்கு வேறு மனிதராக இருந்தார். "நீலமேகத்தோட வேதனை என்னோட வேதனை" என்றார். அய்யாத்துரையின் விரல் மேலே போனது. சிலுவையம்மாள் இரண்டு கை விரல்களையும் தூக்கினாள். கடல் மேலே காட்டியது. சுவர், தன்னை உடைக்கத் தனக்கு முழுச் சம்மதம் என்று மேலே காட்டியது.

நீலமேகத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தை மாசத்திலிருந்து அலைந்த அலைச்சல் என்ன, பட்ட பேச்சு என்ன! பெரிய மனிதர்கள் நமக்கு ஒன்றைச் செய்து கொடுத்தால் நம் பக்கத்து ஆள் என்ன செய்வான்? அதைத்தான் அவனும் செய்தான். எழுந்து நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பி, தண்டபாணியைப் பார்த்து ஒரு கும்பிடு, அய்யாத்துரைக்கு ஒரு கும்பிடு, நீலத் துணிக்கும் சாம்பல் துணிக்கும்கூட ஒரு கும்பிடு போட்டான். "நீங்கல்லாம் நல்லா இருக்கணும். உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றான்.

மகிமாவின் முகம் வெளுத்தது. "நீலமேகம், உங்க விரல்?"

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். கூப்பிய கையில் கட்டை விரல்கள் இரண்டும் அவன் நெஞ்சைப் பார்த்துப் படுத்திருந்தன. மேலே இல்லை, கீழே இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. விதிப்படி அதுவும் ஒரு சைகை, இன்னும் யோசிக்கிறான் என்கிற சைகை. அவன் அவசர அவசரமாகக் கையைப் பிரித்து விரலைத் தூக்கினான். "அய்யோ, மாத்தாதீங்க!" என்று மகிமா கத்தினாள். "மாத்தினா உங்களை யாரோ மிரட்டினதா ஆயிடும்!"

"என்னை யாரும் மெரட்டலம்மா! ஓட்டை கேட்டதே நான்தாம்மா!"

"மிரட்டப்பட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு விதியிலயே இருக்கு" என்றாள் அவள். அவளுக்கே அழுகை வரும்போல இருந்தது.

தண்டபாணி எழுந்தார். "இதுதான் இந்தக் குழுவோட அழகு. நிறுவனம் சம்மதிச்சாச்சு. கடல் சம்மதிச்சாச்சு. சுவரே சம்மதிச்சாச்சு. ஆனா ஊர் மக்கள் தரப்பு இன்னும் யோசிக்குது. யோசிக்கிறவங்க மேல ஓட்டையைத் திணிக்க நாங்க என்ன சர்வாதிகாரியா? காத்திருப்போம். எத்தனை மாசம் ஆனாலும் காத்திருப்போம்."

அன்றைக்குச் சாயங்காலம் செங்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாய்யா ஆச்சு?"

"எல்லாரும் சம்மதிச்சுட்டாங்கமே."

"அப்புறம் ஏன்யா மூஞ்சி இப்டி கீது?"

"நான்தான் தடுத்துட்டேன்."

செங்கொடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். குடித்திருக்கிறானா என்று முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியில் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு அத்தனை வலித்திருக்காது.

அடுத்த கூட்டத்துக்குள் மழை முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்த மழை, மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்துக்குச் சந்து முழுவதையும் நிரப்பி வாசற்படியில் ஏறிவிட்டது. செங்கொடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் தண்ணீரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், நீலமேகத்தைப் பார்த்தாள். "நான் எதுக்குய்யா போவணும்? போவ வேண்டியது தண்ணி" என்று பெட்டியைப் பரண்மேல் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் பஞ்சர் கடையிலிருந்த கடப்பாறையை எடுத்துவந்தாள்.

"வாணாம்மே! குழுவுல கேக்காம..." என்று நீலமேகம் பின்னாலேயே தண்ணீரில் அளைந்துகொண்டு ஓடினான்.

"நீங்க கூடிப் பேசிகினு இருங்க. நான் ஒடச்சிட்டு வரேன்."

முதல் அடி விழுந்த சத்தத்துக்குச் சந்தே கூடிவிட்டது. அப்புறம் நடந்ததையும் ஒரு கலந்தாலோசனை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இங்கே இடி என்றான் ஒருவன், அங்கே இடி என்றாள் ஒருத்தி, ரெண்டு பேருக்கும் பழைய குழாய்ச் சண்டை ஞாபகம் வந்து அதையும் நடுவில் பேசிக்கொண்டார்கள். கடப்பாறை யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்ன இடத்தில் அடி விழுந்தது, கை வலித்தவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். சிலுவையம்மாள் மீன் கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நாலு போடு போட்டாள். அய்யாத்துரை குடோன் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "எலி கெடக்கட்டும்வே, சீக்கிரம் இடிங்க! பருப்பு நனையுதுல்லா!" என்று கத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மழைக்கோட்டு எட்டிப் பார்த்தது. சைமன். ஓங்கிய கடப்பாறை அந்தரத்தில் நின்றது. சைமன் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அங்க பில்லர் கீது நைனா, கொஞ்சம் இந்தாண்ட தள்ளி அடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கடப்பாறை நீலமேகத்தின் கைக்கு வந்தது. பங்குதாரர் அட்டையைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓங்கி அடித்தான். செங்கல் பெயர்ந்தது. தண்ணீர் ஒரு கணம் நம்பாத மாதிரி தயங்கி, பிறகு ஹோவென்று அந்தப் பக்கம் பாய்ந்தது. அவனுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, சிரித்தான். பொழுது சாய்வதற்குள் வாசற்படி தெரிந்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். தண்டபாணி நாற்காலியில் உட்காரவே இல்லை. "நாளைக்கு வங்கிக்காரங்க வர்றாங்க! அந்த ஓட்டையை இன்னிக்கே அடைச்சாகணும்!"

"நீர் நல்லுறவு வாயில்" என்று மகிமா திருத்தினாள். "அடைக்கிறதும் ஒரு முடிவுதான். விரல் பார்க்கணும்."

"விரலாவது மண்ணாங்கட்டியாவது! இதப் பாருங்கம்மா, ஒருமித்த கருத்தெல்லாம் சும்மா இருக்கற காலத்துக்கு. நிஜமாவே ஒரு முடிவு எடுக்கணும்னா அது எப்படிச் சரிப்படும்? ஒரு வருஷமா எதுவும் நடக்காமப் பார்த்துக்கிட்டோம், நல்லாத்தானே போச்சு?"

அவர் சொன்னதை மகிமா வழக்கம்போலப் பலகையில் எழுதினாள். எழுதி முடித்து, தான் எழுதியதைத் தானே ஒருமுறை படித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, "விதியை நிறுத்தி வைக்கணும்னாலும் எல்லாரோட சம்மதமும் வேணும்" என்றாள். அவள் குரலில் அதுவரை இல்லாத ஒரு கடினம் இருந்தது.

"சரி, பாருங்க! கடல் அடைக்கச் சொல்லுது!" என்று தண்டபாணி நீலத் துணிக்காக விரலைத் தூக்கினார்.

"நேத்து சாயங்காலம் பூரா எங்க சந்துத் தண்ணிய வாங்கிகினு ஒரு வார்த்த மொனகல கடலு" என்றாள் சிலுவையம்மாள். "நீ இன்னா சார் அதுக்கு மேல?" அவள் விரல் கீழே. அய்யாத்துரை பருப்பு மூட்டைகளை நினைத்தபடி விரலைக் கீழே காட்டினார். சைமன் தொப்பியைத் திருகிக்கொண்டே எழுந்தார். "சொவுத்தாண்ட கேட்டேன் சார். அதுக்கு வலிக்கலயாம். இப்பத்தான் மூச்சு வுட்ற மாரி கீதாம்."

எல்லாரும் நீலமேகத்தைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். கை தன்னால் கூப்பப் போனது. பழக்க தோஷம். அதை இழுத்துப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இந்தக் கூட்டங்களில் அவன் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறான், பெயருக்குச் சரி, வலைக்குச் சரி, சமோசாவுக்குச் சரி. பெரிய மனிதர் முகத்தைப் பார்த்து இல்லை என்று வாழ்நாளில் சொன்னதில்லை.

"எனக்கு சம்மதம் இல்ல சார்" என்றான்.

கூரை இடிந்து விழவில்லை. தண்டபாணி போலீஸ் என்று ஆரம்பித்தார். "தாராளமா கூப்பிடுங்க. நாளைக்கு வங்கிக்காரங்களுக்குச் சுவரைக் காட்டும்போது போலீஸ்காரங்களையும் சேர்த்து நிறுத்தலாம்" என்றாள் மகிமா. தண்டபாணி கடலின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

நீலமேகம் வீட்டுக்கு வந்தபோது மறுபடியும் தூறல் பிடித்திருந்தது. செங்கொடி வாசலில் ஈரமான மெத்தை உறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னாய்யா? இன்னா முடிவாச்சு?"

"ஒண்ணியும் முடிவாவலமே."

செங்கொடி உறையை அப்படியே படியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "அப்பாடா" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள், நடுவில் ஏனோ அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மழை வலுத்தது, சந்துத் தண்ணீர் அவர்கள் காலைத் தொடாமல் சுவர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த கூட்டம் எப்போய்யா?"

"அடுத்த மாசம்."

"தவறாமப் போ. எதுவும் முடிவாவாமப் பாத்துக்கோ" என்றாள் செங்கொடி.